சொந்த உபயோகத்திற்குத்தானே!

ஒரு சொல்லை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தால் அது உண்மையைப் போலத் தோன்றத் தொடங்கிவிடும். நம் இல்லங்களில் இந்நாளில் அவ்வாறு பழகிப்போன சொற்றொடர் ஒன்று உண்டு: "சொந்த உபயோகத்திற்குத்தானே!" வெள்ளிக்கிழமை வெளியான திரைப்படம் சனிக்கிழமை மாலைக்குள் கைபேசியில் வந்து இறங்கிவிடுகிறது. கடையில் அறுநூறு ரூபாய்க்கு விற்கும் நூல், பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டுக் கல்லூரி மாணவரின் கணினியில் விலையின்றிக் குடியேறுகிறது. "இது முறைதானா?" என்று கேட்டால், "நாங்கள் விற்கவா போகிறோம்? சொந்த உபயோகத்திற்குத்தானே!" என்னும் மறுமொழி உடனே வந்துவிடுகிறது. கேட்டவரும் அமைதியடைந்து, அந்தப் படத்தைக் காண அருகிலேயே அமர்ந்துவிடுகிறார்.

மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் முப்பத்தோராண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வழக்குரைஞன் அல்லேன், எழுத்தராகத் தொடங்கிச் சிரஸ்தாராக முடித்தவன். ஆயினும் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தால், ஆலய முற்றத்து வேப்ப மரத்தடியில் எவரேனும் ஒருவர் சட்டம் பற்றி ஏதேனும் கேளாதிருப்பதில்லை. பட்டா, வாரிசுச் சான்று என்றிருந்த வினாக்களோடு அண்மைக் காலமாக இதுவும் சேர்ந்துகொண்டது. "பையன் கம்ப்யூட்டரில் படம் இறக்குகிறானே, வீட்டுக்குப் போலீஸ் வருமா?" என்று தாய்மார் கேட்கின்றனர். மூன்றாண்டு சிறை என்று அஞ்சுவோரும் உளர். ஒன்றும் நேராது என்று சிரிப்போரும் உளர். இரு சாராரும் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தவர் அல்லர். ஆதலின் இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத எண்ணினேன்.

முதலில் சட்டம் சொல்வதைக் காண்போம். நம் நாட்டில் இப்பொருளை ஆள்வது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். அது பலமுறை திருத்தப்பட்டது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றுள் முக்கியமானது. ஒருவர் எழுதிய நூலும் இயற்றிய பாடலும் அவர் வாழும் காலம் முழுவதும், அவர் மறைந்தபின் மேலும் 60 ஆண்டுகளும் இச்சட்டத்தின் காவலில் இருக்கும். திரைப்படத்திற்கும் ஒலிப்பதிவிற்கும் வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள். அக்காலத்திற்குள் உரிமையாளரின் இசைவின்றி நகலெடுத்தலும், விற்றலும், வாடகைக்கு விடுதலும், மக்களுக்குக் காட்டுதலும் உரிமை மீறல்களாகும். அறிந்தே அதைச் செய்பவருக்கு 63-ஆம் பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. மீறல் வணிக ஆதாயத்திற்காகச் செய்யப்படவில்லை எனில், தக்க சிறப்புக் காரணங்களைத் தீர்ப்பில் கூறி நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். குறைக்கலாம் என்பதுதான் சட்டம். அதனால் குற்றமே இல்லை என்று அது கூறவில்லை. மேலும், 63-ஆம் பிரிவின்கீழ் வரும் குற்றம் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கது என்றும், அதற்குப் பிணை உரிமையாகக் கிடைப்பதன்று என்றும் உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் தெளிவுபடுத்தியது.

அப்படியாயின் சொந்த உபயோகத்திற்குச் சட்டத்தில் இடமே இல்லையா? உண்டு. எவையெவை உரிமை மீறல் ஆகா என்று வரிசைப்படுத்தும் 52-ஆம் பிரிவில் அது முதலாவதாகவே நிற்கிறது. 2012 வரை நூல், நாடகம், இசை, ஓவியம் ஆகியவற்றிற்கே இருந்த அச்சலுகை, அவ்வாண்டின் திருத்தத்தால் திரைப்படத்திற்கும் ஒலிப்பதிவிற்கும் விரிந்தது. ஆனால் அப்பிரிவின் சொற்களை முழுமையாகப் படித்தல் வேண்டும். "சொந்த உபயோகம்" என்று மட்டும் அது கூறி நிறுத்தவில்லை. சொந்த உபயோகத்திற்கான "நேர்மையான கையாளல்" என்று கூறுகிறது. நம்மவர் முதற்பாதியை மனப்பாடம் செய்துகொண்டு, மறுபாதியை மறந்துவிட்டனர். விலை கொடுத்து வாங்கிய இசைத்தகட்டின் பாடல்களைத் தம் கைபேசியில் ஏற்றிக்கொள்பவர், நேர்மையாகவே கையாண்டேன் என்று நிமிர்ந்து சொல்லலாம். வெளியான அன்றே திருடப்பட்ட படத்தை முழுமையாக இறக்கி, காசு ஏதும் கொடாமல் வைத்துக்கொண்டவர் அதே வாதத்தை நீதிபதியின் முன் எந்த முகத்துடன் எடுத்துரைப்பார்?

அதே வேளையில், இல்லாத அச்சத்தையும் ஊட்டுதல் ஆகாது. 2016 ஆகஸ்டில், தடை செய்யப்பட்ட இணையத்தளத்தைத் திறந்து பார்த்தாலே மூன்றாண்டுச் சிறை என்னும் செய்தி நாடெங்கும் பரவியது. தடை செய்யப்பட்ட தளங்களுக்குச் செல்வோரின் திரையில் தோன்றிய எச்சரிக்கை வாசகமே அதற்குக் காரணம். அவ்வாண்டு வெளியான டிஷூம் என்னும் இந்தித் திரைப்படம் குறித்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் பட்டேல் அவ்வாசகத்தை ஏற்கவில்லை. பார்ப்பது மட்டுமே குற்றமாகாது. இசைவின்றிப் பரப்புவதும், பொதுவில் காட்டுவதும், விற்பனைக்கோ வாடகைக்கோ விடுவதுமே குற்றம் எனக் கூறி, வாசகத்தை மாற்றச் செய்தார். நான் பணியிலிருந்த ஆண்டுகளிலும், தன் வீட்டில் தனியே அமர்ந்து படம் பார்த்தவர் எவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறியதை நான் கண்டதில்லை. ஏறியவர் எல்லாம் பேருந்து நிலையத்தருகே திருட்டுத் தகடு விற்றவர்கள். தமிழ்நாட்டில் 2004 முதல் இத்தகையோரைக் குண்டர் சட்டத்தின்கீழ் ஓராண்டு வரை தடுப்புக் காவலில் வைக்கவும் வழியுண்டு.

"பார்த்தீர்களா, ஐயா! நாங்கள் சொன்னது சரிதானே?" என்று இளைஞர் மகிழ வேண்டா. சிக்கல் இனிமேல்தான் இருக்கிறது. டொரண்ட் என்று அழைக்கப்படும் முறையில் படம் இறங்கும்போது, அது ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. உலகெங்கும் உள்ள நூற்றுக்கணக்கானோரின் கணினிகளிலிருந்து துண்டு துண்டாக வருகிறது. நமக்கு வந்து சேர்ந்த துண்டுகளை, நாம் அறியாமலே நம் கணினி அதே நேரத்தில் பிறருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. வாங்குபவனே வழங்குபவனும் ஆகிறான் என்பதே அம்முறையின் அமைப்பு. அறையின் கதவைச் சாத்திக்கொண்டு தனியே பார்ப்பதாக நினைப்பவன், உண்மையில் தெருவில் கடை விரித்தவன் ஆகிறான். அக்கடையில் அவனது இணைய இணைப்பின் எண் பெயர்ப்பலகையைப் போல் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் அதைக் குறித்துக்கொள்ளலாம்.

இதன் விளைவை என் தங்கையின் குடும்பம் நேரில் அறியும். அவள் மகன் மேற்படிப்பிற்காக ஜெர்மனி சென்றிருந்தான். 2019-ஆம் ஆண்டு, குளிர்கால விடுமுறையில் ஊர் நினைவு மிகுந்து, ஒரு படத்தை டொரண்ட் வழியாக இறக்கிப் பார்த்தான். ஏழு வாரம் கழித்து அவன் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளரான மூதாட்டிக்கு வழக்குரைஞர் அலுவலகம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. இணைய இணைப்பு அவ்வம்மையாரின் பெயரில் இருந்ததே காரணம். எந்த நாள், எந்த மணி, எந்த நிமிடம், எந்தப் படம் என்று அனைத்தும் அதில் குறிக்கப்பட்டிருந்தன. தொள்ளாயிரம் யூரோவுக்குச் சற்று மேல் கட்ட வேண்டும். இனிச் செய்யமாட்டேன் என்று உறுதிமொழியும் எழுதித் தர வேண்டும். நம் நாணயத்தில் எழுபதாயிரம் ரூபாய்க்கும் மேல்! தங்கையோ வங்கியில் கல்விக்கடன் வாங்கி அவனை அனுப்பியிருந்தாள். "மாமா, நான் யாருக்கும் விற்கவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை, அறையில் தனியாகத்தான் பார்த்தேன்" என்று தொலைபேசியில் அவன் குரல் நடுங்கியது. பணத்தைவிட அவனை வருத்தியது வேறொன்று. எழுபது வயதைக் கடந்த அம்மூதாட்டி, தம் வாழ்நாளில் முதன்முறையாகத் தம் பெயருக்கு அப்படியொரு கடிதம் வந்ததே என்று அழுதாராம். முடிவில் அங்குள்ள ஒரு வழக்குரைஞர் பேசித் தொகையைக் குறைத்தார். அவன் மாலை வேலை செய்து தவணையில் அடைத்தான்.

ஜெர்மனியின் சட்டமும் சொந்த உபயோகத்திற்கு நகலெடுப்பதை ஏற்கிறது; ஆனால் நகலின் மூலம் வெளிப்படையாகவே முறைகேடானதாய் இருத்தல் கூடாது என்று நிபந்தனை விதிக்கிறது. முதன்முறை அகப்படும் தனிநபரிடம் கேட்கத்தக்க வழக்குரைஞர் கட்டணத்திற்கு 2013-இல் அங்கே வரம்பு கட்டப்பட்டது. ஆயினும் படத்திற்கான இழப்பீடு அதன்மேல் தனியாகக் கேட்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் 2014-இல், முறைகேடான மூலத்திலிருந்து எடுத்த நகலுக்குச் சொந்த உபயோகம் என்னும் சலுகை பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துப் பெண்மணி ஒருவர் 24 பாடல்களை இவ்வாறு பகிர்ந்ததற்காக 2,22,000 டாலர் கட்ட வேண்டுமென மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-இல் உறுதி செய்தது. பாட்டு ஒன்றுக்கு 9,250 டாலர்! பிள்ளைகளை வெளிநாட்டிற்கு அனுப்பும் பெற்றோர், ஊறுகாயும் பருப்புப்பொடியும் கட்டிக் கொடுக்கும்போது இந்த அறிவுரையையும் சேர்த்துக் கட்டி அனுப்புவது நல்லது.

நம் நாட்டிலும் இரு செய்திகளில் சட்டம் சற்றும் நெகிழவில்லை. ஒன்று, கணினி மென்பொருள். 52-ஆம் பிரிவின் சொந்த உபயோகச் சலுகை கணினி நிரலுக்குப் பொருந்தாது என்று சட்டமே விலக்கி வைத்துள்ளது. திருட்டு மென்பொருளை அறிந்தே கணினியில் பயன்படுத்துவதை 63-ஆ பிரிவு தனிக் குற்றமாகக் கூறுகிறது. 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். ஆதாயத்திற்காகவோ தொழிலுக்காகவோ அல்லாமல் பயன்படுத்தியவருக்குச் சிறையை விடுத்து 50,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் மட்டும் விதிக்கலாம். மற்றொன்று, திரையரங்கில் படத்தைக் கைபேசியால் பதிவு செய்தல். இசைவற்ற நகலெடுக்கும் நோக்குடன் இதைச் செய்வோருக்கு, திரைப்படச் சட்டத்தின் 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. அபராதம் 3 லட்ச ரூபாயில் தொடங்கி, படத்தின் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை செல்லும். இது தெரியாமல், விருப்ப நடிகர் தோன்றும் காட்சியைப் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பும் இளைஞர் எத்தனை பேர்!

இனி நம் பங்குகளைப் பார்ப்போம். திருப்பலியிலும் பிற வழிபாடுகளிலும் பாடல்களை இசைப்பது உரிமை மீறல் ஆகாது. உண்மையான சமயச் சடங்குகளுக்குச் சட்டம் அந்த இடத்தை அளித்துள்ளது. திருவிழா நாளில் இளையோர் குழு கட்டணமின்றி நாடகம் நடிப்பதற்கும் இடமுண்டு. ஆனால் தவக்காலத்தில் ஆண்டவரின் பாடுகளைச் சித்திரிக்கும் திரைப்படத்தை இணையத்தில் திருட்டுத்தனமாக இறக்கிப் பங்கு மண்டபத்தில் இருநூறு பேருக்குத் திரையிடுவது சொந்த உபயோகம் ஆகாது. பக்தி முயற்சி என்பதால் அதன் தன்மை மாறிவிடுவதுமில்லை. ஆண்டவரின் அருகில் சிலுவையில் தொங்கிய நல்ல கள்வன் தன் குற்றத்தை வாய்விட்டு ஒப்புக்கொண்டான். நாமோ அவன் தோன்றும் படத்தையே களவாகக் கொண்டுவந்து, அது களவென்றும் எண்ணாமல் கண்ணீர் வடிக்கிறோம்.

களவு என்ற சொல் சிலருக்குக் கடுமையாகத் தோன்றலாம். "நகலெடுத்தால் அசல் குறைந்தா போகிறது?" என்று கேட்பார்கள். என்ன குறைகிறது என்பதை எங்கள் பங்கின் பாடகர் குழு அறியும். 2011-இல் எங்கள் குழுத் தலைவர், பள்ளி ஆசிரியர் ஒருவர், தாம் இயற்றி இசையமைத்த பத்துப் பாடல்களை ஒலித்தகடாக வெளியிட்டார். ஒலிப்பதிவுக் கூடத்திற்கும், வாத்தியக்காரர்களுக்கும், தகடு அச்சிடுவதற்குமாக ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் செலவாயிற்று. அதில் பாதி அவர் மனைவியின் வளையல்களை அடகு வைத்துப் பெற்ற பணம். ஆயிரம் தகடு அடித்தோம். ஒன்றின் விலை அறுபது ரூபாய். முதல் மாதத்தில் முந்நூறு விற்றது. பின்னர் விற்பனை நின்றேபோயிற்று. ஆனால் பாடல்கள் நிற்கவில்லை! சுற்றியுள்ள பங்குகளின் ஒலிபெருக்கியிலெல்லாம் அவை ஒலித்தன. பேருந்து நிலையத்துக் கைபேசிக் கடையில் இருபது ரூபாய் கொடுத்தால், வேறு நூறு பாடல்களோடு எங்கள் பத்தையும் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தார்கள்.

அவ்வாறு ஏற்றிக்கொண்டவர் எவரும் பகைவர் அல்லர். உறவினர், நண்பர், திருவிழாவில் எங்களைக் கட்டித் தழுவிப் பாராட்டியவர்கள். "சார், உங்கள் பாட்டை என் பெண் நாள்தோறும் கேட்கிறாள்" என்று மனமாரச் சொன்னவர்கள். அந்த ஆசிரியர் சிரித்த முகத்துடன் நன்றி கூறுவார். மூன்றாண்டு வட்டி கட்டி வளையல்களை மீட்டார். எஞ்சிய தகடுகள் பாடகர் குழுவின் அலமாரியில் தூசி படிந்து கிடந்தன. அவரது இரண்டாம் தொகுப்புக்கான பாடல்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதப்பட்டு, இன்றும் அக்குறிப்பேட்டிலேயே இருக்கின்றன. அசல் குறைவதில்லை என்போர், பிறவாமற்போன அந்தப் பாடல்களை எக்கணக்கில் எழுதுவார்கள்?

பிறர் பொருளை அநீதியாக எடுப்பதும் வைத்துக்கொள்வதும், நாட்டின் சட்டம் அதைத் தண்டியாமல் விட்டாலும், ஏழாம் கட்டளைக்கு எதிரானதே என்று 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு தன் 2409-ஆம் எண்ணில் போதிக்கிறது. நீதிமன்றத்தில் பல்லாண்டுகள் இருந்த எனக்கு இவ்வொரு கருத்து மிகவும் ஆழமாகத் தோன்றுகிறது. சட்டம் "அகப்படுவாயா?" என்ற அச்சத்தில் மனிதரை நிறுத்துகிறது. மனச்சாட்சியோ "அது உன்னுடையதா?" என்று மட்டும் கேட்கிறது. முதற்கேள்விக்கு விடை நாட்டுக்கு நாடு மாறும். இரண்டாவதற்கு விடை ஒன்றே.

அதே மறைக்கல்வி, உணவு, உறைவிடம், உடை போன்ற உடனடியான, இன்றியமையாத தேவைக்குப் பிறர் பொருளைப் பயன்படுத்த வேறு வழியில்லாதவரைக் கள்வர் என்று கூறுவதில்லை. ஏழை மாணவரின் பாடநூல் பற்றிய வினா எழும்போது நாம் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். சட்டமும் இங்கே கல்நெஞ்சம் கொண்டதன்று. பாடத்திட்டத்திற்கு வேண்டிய பகுதிகளை நூல்களிலிருந்து நகலெடுத்துத் தொகுத்து மாணவர்க்கு அளிப்பது கல்விச் சலுகைக்குள் அடங்கும் எனத் தில்லி உயர் நீதிமன்றம் 2016-இல் கூறிற்று. எதிர்த்து வழக்காடிய பதிப்பகங்கள் 2017-இல் வழக்கைக் கைவிட்டன. ஆனால் புதுப்படத்தை இரண்டு மாதம் பொறுத்துப் பார்ப்பதால் எவரும் பட்டினி கிடப்பதில்லை.

இனி, இல்லங்களில் செய்யத்தக்கவை சில. நேரிய வழியில் விலையின்றிக் கிடைப்பவை ஏராளம். வீரமாமுனிவரின் தேம்பாவணிக்குப் பதிப்புரிமைக் காவல் ஏதுமில்லை. பாரதியார் முதலிய பலருடைய நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியுள்ளது. மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் யாவருக்கும் திறந்திருக்கின்றன. எழுதவும் கணக்கிடவும் லிப்ரே ஆபீஸ் போன்ற மென்பொருள்கள் முறையாகவே இலவசமாய்க் கிடைக்கின்றன. பங்கின் வாட்ஸ்அப் குழுவில் படத்தையோ நூலையோ பகிருமுன், உரிமையாளரே அதை வழங்கினாரா என்று ஒரு கணம் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் பிள்ளைகளுக்கு இத்தகைய கடிதம் வந்தால், அதைக் கிழித்தெறியவும் வேண்டா. அஞ்சி உடனே கையொப்பமிடவும் வேண்டா. அவ்வுறுதிமொழி ஆண்டுக்கணக்கில் கட்டுப்படுத்துவது, மீறினால் பெருந்தண்டம். ஆதலால் குறித்த கெடுவுக்குள் அங்குள்ள வழக்குரைஞரையோ, பல்கலைக்கழக மாணவர் ஆலோசனை நிலையத்தையோ அணுகச் சொல்லுங்கள்.

எடுத்ததற்கு ஈடு செய்யும் கடமையையும் திருச்சபை நமக்கு நினைவூட்டுகிறது. சக்கேயு நான்கு மடங்கு திருப்பித் தருவதாக வாக்களித்தார். அத்தகைய ஒருவரை நான் கண்டிருக்கிறேன். எங்கள் தகடு வெளியாகி ஓராண்டு கழித்து, அடுத்த பங்கைச் சேர்ந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர் வந்து ஒரு தகடு கேட்டார். "வீட்டில் இதைப் போட்டுக் கேட்கும் கருவி இருக்கிறதா?" என்று வினவினேன். "இல்லை, ஐயா. பாட்டெல்லாம் ஏற்கெனவே என் கைபேசியில் இருக்கிறது. ஓராண்டாகக் கேட்டுவிட்டேன், அதற்குக் காசு கொடுக்க வந்தேன்" என்றார். அறுபது ரூபாயை எண்ணி வைத்துவிட்டுத் தகட்டையும் எடுத்துச் சென்றார். சட்டப் புத்தகம் அவர் படித்திருக்கமாட்டார். நேர்மையான கையாளல் என்பதன் பொருளை அவரைவிடத் தெளிவாக விளக்கிய தீர்ப்பு எதையும் நான் படித்ததில்லை. நம் பிள்ளைகள் கைபேசியைக் கையில் எடுக்கும்போது அந்த ஓட்டுநரின் மனம் அவர்களுக்கு வாய்க்க வேண்டுமென்று இறைவனை மன்றாடுவோம்.